ஐஸ் நானாவும் உடையாத காயும்

ஆபிரிக்கக் காட்டுச் சிம்பன்சிகளைப் பற்றி ஐஸ் நானா அளவுக்கு நிறையவும், அவர் அளவுக்குப் பிழையாகவும் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் வேறொருவர் இருக்க முடியாது. சந்தேகம் இருந்தால் புத்தளத்துக்கு வந்து, நாங்கள் இரத்தம் சுத்தம் செய்துகொள்ளும் நிலையத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சிம்பன்சிக்கு ஏன் வால் இல்லை என்று கேட்டால், அங்கே சாய்ந்து கிடக்கும் அத்தனை பேரும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். கல்லுக்கு மேல் இருந்து இருந்து தேய்ந்து போய்விட்டதாம். நானா எங்களுக்குப் புகட்டிய விஞ்ஞானம் அது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊர் உடப்பு. கணக்குப் படிப்பிக்கிற டீச்சர். எனக்கு ஓய்வு பெறும் வயது வருவதற்கு முன்பே என் சிறுநீரகங்கள் இரண்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓய்வு பெற்றுவிட்டன. ஆகவே திங்களும் வியாழனும் என் கணவர் என்னை ஓட்டோவில் பத்துளு ஓயாச் சந்திவரை கொண்டுவந்து பஸ் ஏற்றிவிடுவார். புத்தளத்தில் இறங்கி, ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூடிக் கட்டிய அந்தச் சின்ன நிலையத்துக்குப் போய், சாய்வுக் கதிரையில் படுத்துக் கையை நீட்டினால் இரண்டு ஊசி. நாலு மணித்தியாலம் என் இரத்தம் வெளியே போய் இயந்திரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். வரும்போது அதுவும் என்னைப் போலக் களைத்துத்தான் வரும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றலாமா, அப்படியே படுக்கலாமா என்று யோசிப்பேன். அந்தக் களைப்பு முழுதாய்ப் போவதற்குள் அடுத்த வியாழன் வந்துவிடும்.

இதில் முதல் மூன்று மணித்தியாலத்தைச் சமாளிக்கலாம். தூங்கலாம், கொட்டாவி விடலாம், பக்கத்தில் இருப்பவரின் வியாதியை விசாரிக்கலாம். கடைசி மணித்தியாலம்தான் ஆளைத் தின்னும். கால் சுண்டி இழுத்துக் குரக்கை பிடிக்கும், தலை சுற்றும், தாகம் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார்கள்.

எனக்கு அடுத்த கதிரை ஐஸ் நானாவுடையது. நானா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் மத்தியில் அண்ணன்; அவருக்கும் ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கண்டக்குழிக்காரர். கடலுக்குப் போகும் வள்ளங்களுக்கு ஐஸ் உடைத்துப் போடுவதுதான் அவருடைய வாழ்நாள் தொழில். ஆளளவு ஐஸ் கட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மரச்சுத்தியலால் எங்கே தட்டினால் எப்படிப் பிளக்கும் என்று சொல்லிவிடுவாராம். இப்படி அவரே சொன்னார். சாட்சி ஒருவரும் இல்லை.

அப்படிப்பட்டவருக்கு இப்போது நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான் கணக்கு. எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே நின்றுவிடும்.

"அல்லாட கணக்கப் பாத்தீங்களா டீச்சர்?" என்பார். "நான் உடைச்ச ஐஸ உருக்கினா முந்தல்ல ஈந்து கற்பிட்டி வரைக்கும் நெறையும். இப்ப ஒரு துண்ட வாய்ல போட மிஸ்ஸிட்ட கெஞ்ச வேண்டி ஈக்கி."

மிஸ்ஸி என்பது குமாரி மிஸ்ஸி. எங்களுக்கு ஊசி ஏற்றும் தாதி. சிங்களப் பெண். அவருடைய தமிழில் இலக்கணம் இருக்காது, ஆனால் அதிகாரம் நிறைய இருக்கும்.

இனி டெலிவிஷன். யாரோ ஒரு முதலாளியின் மகன் நிலையத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. கொடுத்த மாதமே எங்கள் ஊர்க் குரங்குகள் கூரையில் ஏறி அன்டெனா வயரைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டன. மிஞ்சியது அதோடு வந்த ஒரு பென் டிரைவ். அதில் ஒரே ஒரு படம். ஆபிரிக்கக் காட்டில் சிம்பன்சிகள் எப்படிக் கருவிகளைப் பயன்படுத்துகின்றன என்று ஒரு வெள்ளைக்காரன் விளக்கும் படம். உள்ளூர்க் குரங்குகளின் அட்டகாசத்தால் நாங்கள் வெளிநாட்டுக் குரங்குகளைப் பார்க்க நேர்ந்தது இப்படித்தான்.

கொஞ்ச நாளில் ரிமோட் காணாமல் போனது. அதன் பிறகு சத்தமும் போனது. பின்பக்கப் பொத்தானை அமுக்கினால் படம் தொடக்கத்திலிருந்து ஊமையாக ஓடும், அவ்வளவுதான். திருத்த வந்த பையன் பார்த்துவிட்டு, "உப்புக் காத்து" என்றான். புத்தளத்தில் எது பழுதானாலும் சொல்லும் காரணம் அது.

அந்த ஊமைப் படத்துக்குத்தான் ஐஸ் நானா குரல் கொடுக்க ஆரம்பித்தார். படத்தைக் கடைசி மணித்தியாலத்தில்தான் போடவேண்டும் என்று மிஸ்ஸியிடம் ஒவ்வொரு நாளும் அடம்பிடிப்பார்.

முதல் நாள் நான் எரிச்சலோடுதான் கேட்டேன். திரையில் ஒரு சிம்பன்சி புல்லுத் தண்டொன்றை முறித்து, இலையை உருவி, கறையான் புற்றின் ஓட்டைக்குள் விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"இது அரசாங்கக் கந்தோருக்கு வந்தீக்கி," என்றார் நானா. "பாருங்க, குச்சிய உள்ளுக்கு விட்டுட்டு பொறுமையா ஈக்கி. அவசரப்பட்டா ஒண்டும் நடக்கா. உள்ளுக்கு ஈக்கிறவனுக்குக் கோவம் வரணும். கோவம் வந்தாத்தான் குச்சியக் கடிப்பான். கடிச்சாத்தான் வெளிய இழுக்கலாம்."

சிம்பன்சி தண்டை இழுத்தது. நுனியில் கறையான்கள் கடித்துக்கொண்டு தொங்கின. அதை வாய்க்குள் வைத்து உருவியது.

"பாத்தீங்களா? வேல முடிஞ்சிட்டு."

எதிர்ப் பக்கத்தில் பாலாவி உப்பளத்து பரீத் சிரித்துச் சிரித்து இயந்திரம் அலறத் தொடங்கிவிட்டது. பரீத் எங்களில் வயது குறைந்தவன், வாய் நீளமானவன். குமாரி மிஸ்ஸி ஓடிவந்து, "சிரிக்க வேணாம்! பிரஷர் ஏறுது!" என்று அவனை விட்டுவிட்டு நானாவை ஏசினார்.

ஒரே படம்தான். ஆனால் நானா ஒரு தடவை சொன்ன கதையை மறு தடவை சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. ஒரு திங்கட்கிழமை பெரிய ஆண் சிம்பன்சி மீன்பிடிச் சங்கத்தின் தலைவர். அடுத்த கிழமை அதே ஆள், கடலுக்குப் போன புருஷனைக் காணாமல் கரையில் நிற்கும் ஒரு பெண்.

"நானா, போன கிழமை அது ஆம்பிளை," என்பேன். கணக்கு டீச்சருக்கு இதெல்லாம் பொறுக்காது.

"போன கிழமை வெளிச்சம் காணாது டீச்சர்."

படத்தின் முக்கியமான பகுதி பின்னால் வரும். ஒரு தாய், ஒரு குட்டி. தாய் ஒரு கடினமான காயை மர வேரின் குழிக்குள் வைத்து, கல்லைத் தூக்கி ஒரு தட்டு. காய் இரண்டாகும். உள்ளே இருக்கும் பருப்பைத் தின்னும். குட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்கை நீட்டிப் பார்க்கும், களவாக ஒரு துண்டை எடுக்கும், தானும் ஒரு காயைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும். இந்தக் குட்டிக்கு நானா வைத்த பெயர் மருமகன்.

"என்ட மகள்ட மாப்பிளையும் இதே சாதி," என்பார். "நல்ல பிள்ள. தொழுவான், உழைப்பான். ஒரு ஆணி அடிக்கக் குடுத்தா மட்டும் செவத்த உடைச்சிட்டு வந்து நிப்பான்."

சுத்தியல் பிடித்துப் பழகிய கை என்பதால் இந்த இடத்தில் நானாவின் தொழில் ஞானம் கரைபுரளும். "அந்தப் புடி பிழ. கல்லுக்குப் பாரம் ஈக்கி தானே, அத உட்டா அதே உளும். இவன் ஏன் போட்டு நெருக்குறான்?" என்று திரையைப் பார்த்துக் கத்துவார். தாயின் அடியை மட்டும் மனம் திறந்து பாராட்டுவார். ஆனால் அந்தத் தாய் குட்டிக்கு ஒன்றும் கற்றுக் கொடுப்பதில்லை. தின்று முடித்ததும் கல்லை வேரிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விடும்.

"பாருங்க, உம்மா ஒண்டும் செல்லிக் குடுக்கல்ல," என்பார் நானா. "கல்ல வச்சிட்டுப் போறா. அவ்வளவுதான். எடுத்தா எடுக்கட்டும், எடுக்காட்டி ஈக்கட்டும்."

"எங்கட உம்மா எண்டா இதுக்குள்ள நாலு அறை உட்டீப்பா," என்பான் பரீத்.

தாய் போனதும் மருமகன் அந்தக் கல்லை இரண்டு கையாலும் தூக்குவான். தலைக்கு மேலே. காய் கீழே குழிக்குள் காத்திருக்கும். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். அப்போது படம் நின்றுவிடும்.

ஒவ்வொரு முறையும் அதே இடம். கல் மேலே, காய் கீழே, படம் அப்படியே உறைந்து நிற்கும். குமாரி மிஸ்ஸி பென் டிரைவைக் கழற்றி ஊதுவார், துடைப்பார். ஒரு முறை வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசிக்குள் புதைத்து வைத்துவிட்டுக் கொண்டுவந்தார். சரிவரவில்லை. உப்புக் காற்று பென் டிரைவுக்குள்ளும் போய்விட்டது என்று முடிவு செய்தோம்.

ஆனால் காய் உடையுமா உடையாதா என்ற வழக்கு தீரவில்லை. பரீத் உடையாது என்பான். நான் கல்லின் உயரத்தையும் குட்டியின் கையையும் பார்த்து உடையத்தான் வேண்டும் என்பேன். நானா இரண்டு பக்கமும் பேசுவார். ஊசி கழற்றி, துணிக்கட்டுப் போட்டு, பஸ்ஸுக்கு நடக்கும்போதும் இதே பேச்சு. வேறு விஷயம் பேசியிருந்தால் எங்கள் யாருக்கும் அது நல்ல விஷயமாக இருந்திருக்காது.

நானா எங்களை நாசமாக்கிய கதையையும் சொல்லவேண்டும். படத்தில் இன்னொரு காட்சி உண்டு. மரப் பொந்துக்குள் மழைத் தண்ணீர். சிம்பன்சியின் வாய் அங்கே எட்டாது. ஆகவே அது சில இலைகளைச் சப்பி, பஞ்சு போல் ஆக்கி, பொந்துக்குள் தோய்த்து எடுத்து வாய்க்குள் பிழியும். தாகம் என்றால் என்னவென்று தெரிந்த ஒரு கூட்டம் இந்தக் காட்சியைப் பார்க்கும் விதம் வேறு. ஒரு இருமல்கூடக் கேட்காது.

ஒரு வியாழக்கிழமை நானா மெல்லிய குரலில் சொன்னார். "டீச்சர், இலையில எவ்வளவு தண்ணி நிக்கும்?"

"ஒரு சொட்டு."

"அத தண்ணி எண்டு செல்றதா, இல எண்டு செல்றதா?"

பல்கலைக்கழகம் போய்வந்த நான் அதற்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "இலை என்றுதான் சொல்லவேண்டும்" என்றேன். தாகம் மனிதரை அப்படியும் ஆக்கும்.

அந்த வெள்ளி, சனி, ஞாயிறு, எங்கள் நிலையத்து நோயாளிகள் அத்தனை பேரும் அவரவர் வீட்டில் வெற்றிலையைச் சப்பித் தண்ணீரில் தோய்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தோம். பாக்கில்லை, சுண்ணாம்பில்லை. எனக்கு இந்தப் பழக்கம் எப்போது வந்ததென்று என் கணவர் பயந்துபோனார். ஒரு தடவை ஒரு சொட்டுத்தான். எத்தனை தடவை என்ற கேள்வியைக் கணக்கு டீச்சராகிய நான் கேட்கவே இல்லை. பரீத் வெற்றிலை காணாதென்று வாழையிலைக்குப் போய்விட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை எல்லோரும் தராசில் ஏறினோம். அங்கே போனதும் முதல் வேலை அதுதான். இடையில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்ததென்று தராசு காட்டிக் கொடுத்துவிடும். ஒருவர் பின் ஒருவராக ஏற ஏற, குமாரி மிஸ்ஸியின் முகம் மாறிக்கொண்டே போனது.

"என்ன குடிச்ச? எல்லாம் சேந்து கல்யாணத்துக்குப் போனதா?"

"குடிக்கல்ல மிஸ்ஸி," என்றார் நானா. "இல திண்டோம்."

"நானா, பொய் சொல்ல வேணாம். தராசு சொல்லுது தானே!"

அவ்வளவு தண்ணீரையும் அன்றைக்கே இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. கடைசி மணித்தியாலம் நரகமாக இருந்தது. குரக்கை கெண்டைக்காலில் தொடங்கித் தொடைவரை ஏறியது. பரீத் வாயில் துவாயை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். நானாவின் கால் விரல்கள் நாலாபுறமும் முறுகி நின்றதை நான் பார்த்தேன். அந்த மனிதர் அன்றைக்கு வாயை மூடவேயில்லை. சிம்பன்சித் தலைவரைக் கல்யாண வீட்டுச் சமையற்காரராக்கி, வட்டிலப்பம் தீய்ந்துபோன கதையை, ஒரு வசனத்துக்கு ஒரு தரம் பல்லைக் கடித்துக் கடித்துச் சொல்லி முடித்தார். நாங்களும் சிரித்தோம், அழுகையும் வந்தது. மருமகன் கல்லைத் தூக்கினான். படம் நின்றது.

அதற்குப் பிறகு ஒரு கெட்ட காலம் எனக்கு. கை வீங்கி ஊசி ஏறவில்லை. ஏற்றினால் நிற்கவில்லை. ஒரு திங்கட்கிழமை நாலைந்து இடத்தில் குத்தி முடித்து வெளியே வந்தபோது, வாசல் வாங்கில் உட்கார்ந்து நானா மகள் வீட்டு வான் வண்டிக்காகக் காத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

"நானா, நான் இனி வரமாட்டன். எனக்கு ஏலாது."

"வியாழக்கிழமையா?"

"வியாழனும் இல்லை, திங்களும் இல்லை. காணும் நானா. களைச்சுப் போனன்."

வராவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அங்கே வருகிற எல்லோருக்கும் தெரியும். எனக்குப் புத்தி சொல்லுவார், அல்லாஹ்வைச் சொல்லுவார், என் கணவரைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

நானா கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "சரி டீச்சர்," என்றார். "அப்ப உங்கட கதிரைய பரீதுக்குக் குடுக்கச் செல்லட்டா? ஜன்னல் பக்கம். டிவியும் நேராத் தெரியும். பாவம், அவன் கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாக்கிறான்."

நான் பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"மறுகா ஒண்டு. வியாழக்கிழமை காய் உடைஞ்சா போன்ல கோல் எடுத்துச் செல்லட்டா, வேணாமா?"

"வேண்டாம்," என்றேன். என் வாழ்க்கையில் ஒரு மனிதர் மீது அவ்வளவு கோபம் வந்ததில்லை.

வியாழக்கிழமை விடிந்தது. நான் எழும்பவில்லை. என் கணவர் ஓட்டோவைத் திருப்பி வைத்துவிட்டு வாசலில் நின்றார். அந்த மனிதரின் முதுகைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் அதற்காகவும் எழும்பவில்லை. என்னை எழுப்பியது பரீத்தின் நினைப்பு. என்னுடைய கதிரையில் அவன் காலை நீட்டிச் சாய்ந்திருக்கிறான். நேரே டெலிவிஷன். நான் இல்லாத இன்றைக்கென்று பார்த்துப் படம் நிற்காமல் ஓடுகிறது. காய் உடைகிறது. உடையாது என்று அடித்துச் சொன்ன அவன் பார்க்கிறான், உடையும் என்று சொன்ன நான் உடப்பில் படுத்துக் கிடக்கிறேன். இந்த அநியாயத்தை நினைக்க நினைக்க உடம்பு கொதித்தது. எழும்பி முகம் கழுவினேன்.

போய்ப் பார்த்தால், பரீத் உண்மையாகவே என் கதிரையில்தான் இருந்தான்.

"எழும்பு," என்றேன். வகுப்பில் சொல்கிற குரல். எழும்பிவிட்டான்.

நானா என் பக்கம் திரும்பவேயில்லை. "மிஸ்ஸி, நேரம் வரக்குள்ள படத்தப் போடுங்க. இண்டைக்கி ஆள் நெறஞ்சிட்டு," என்றார். அன்றைக்கும் காய் உடையவில்லை.

அதற்கடுத்து வந்த ஒரு நாளில்தான் எனக்கு உண்மை தெரிந்தது. கடைசி மணித்தியாலம். நானாவுக்குத் திடீரென்று பிரஷர் இறங்கிவிட்டது. குமாரி மிஸ்ஸி ஓடிவந்து கதிரையைச் சாய்த்து, போர்வையை இழுத்து, காலை உயர்த்தினார். நானா இடுப்பில் கட்டியிருந்த சாரத்து மடிப்பிலிருந்து கறுப்பாக ஏதோ வழுக்கி என் கதிரைப் பக்கம் விழுந்தது. மாதக்கணக்காகக் காணாமல் போயிருந்த ரிமோட். மிஸ்ஸி திரும்புவதற்குள் அதை என் சேலைத் தலைப்புக்குள் இழுத்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். என் கை செய்தது.

நானா கண் விழித்ததும் முதலில் சாரத்தைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலைப்பைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினேன்.

"சத்தத்தையும் நீங்கதான் நிப்பாட்டினீங்களா?" என்று காதோடு கேட்டேன்.

"அந்த வெள்ளக்காரன் கதச்சா நான் எப்பிடிக் கதைக்கிற டீச்சர்?"

"படத்தையும்?"

நானா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "தொடக்கத்தில ஒரு நாள் நீங்க எல்லாரும் தூங்கக்குள்ள முழுசாப் பாத்தன்," என்றார். "காய் உடையல்ல. அடிச்சான், கல்லு வழுக்கிட்டு, காய் பறந்து புல்லுக்குள்ள போய்ட்டு. அவன் அழுதுகிட்டே உம்மாக்கு பின்னால போறான். அதோட படம் முடிஞ்சி. எழும்பிப் பாத்தா நீங்க எல்லாரும் மையித்து மாதிரி கெடக்குறீங்க. அத எப்பிடி டீச்சர் இந்தச் சனத்துக்குக் காட்டுற?"

"அப்ப என்னை ஏமாத்திக் கூப்பிட்டீங்க."

"ஓம்," என்றார் நானா, ஒளிக்காமல். "நீங்க வந்தீங்க தானே."

படத்தைக் கடைசி மணித்தியாலத்துக்குத்தான் போடவேண்டும் என்று அவர் ஏன் அடம்பிடித்தார் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். காய் உடையாது என்று தெரிந்த பிறகும், உடையும் உடையும் என்று பரீதோடு முன்னைவிட உரத்துச் சண்டை பிடித்தேன். விடை இல்லாத ஒரு கணக்குக்காக நான் அவ்வளவு சத்தம் போட்டது வேறெங்கும் இல்லை.

சில மாதங்கள் இப்படிப் போயின. நானாவின் முகம் சுருங்கிக்கொண்டு வந்தது. கதை சொல்லும்போது நடுவில் மூச்சு வாங்குவார். ஒரு வியாழக்கிழமை ஊசி கழற்றியதும் எழும்பி, வழக்கம்போல் என்னிடம் "வாறன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நான் என் பையை எடுக்கத் திரும்பினால், என் கதிரையின் கை மேலே ரிமோட் கிடந்தது. மனிதர் மறந்துவிட்டார் என்று நினைத்து, திங்கட்கிழமை கொடுக்கலாமென்று பைக்குள் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை நானா வரவில்லை. அவருடைய மருமகன் வந்தார். உண்மையான மருமகன். விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்யப் போனவர், குழாயைத் திறந்து கையில் தண்ணீர் ஏந்தியபடியே சரிந்துவிட்டாராம். உயிர் பிரிந்து மௌத்தாகும்போது கை இரண்டும் ஈரமாக இருந்தது என்றார். குமாரி மிஸ்ஸி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அந்த மருமகனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய, மொத்தமான, பாவமான கைகள். என்னை அறியாமல் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "தம்பி, ஆணி அடிக்கப் பழகிட்டீங்களா?"

அவர் ஒரு கணம் திகைத்துப் பார்த்தார். பிறகு நானா எங்களிடம் என்னென்ன சொல்லியிருப்பார் என்று விளங்கியிருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

"இல்ல டீச்சர். இன்னம் இல்ல."

கடைசி மணித்தியாலம் வந்தது. குமாரி மிஸ்ஸி யாரையும் கேட்காமல் படத்தைப் போட்டுவிட்டுப் போனார். பக்கத்துக் கதிரை காலி. சிம்பன்சிகள் வந்தன, போயின, ஒருவரும் வாய் திறக்கவில்லை. பைக்குள்ளிருந்து ரிமோட்டை வெளியே எடுத்தபோது எந்தப் பொத்தானிலோ விரல் பட்டு, அவ்வளவு காலமும் ஊமையாக இருந்த டெலிவிஷன் திடீரென்று பெரிய ஆங்கிலக் குரலில் பேசத் தொடங்கியது. எல்லோரும் திடுக்கிட்டுப் போனோம்.

"யார் இவன்?" என்று கத்தினான் பரீத். "இவனுக்கு என்ன தெரியும்? நிப்பாட்டுங்க டீச்சர்!"

நிறுத்தினேன். என் கையில் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மிஸ்ஸியும் பார்த்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பரீத் திரையில் நின்ற சிம்பன்சியைக் காட்டினான். "டீச்சர்," என்றான், "அதுக்கு வால் எங்க?"

எனக்குக் கதை சொல்ல வராது. கணக்குத்தான் வரும். இருந்தாலும் சொன்னேன். "கல்லுக்கு மேல இருந்து இருந்து தேஞ்சி போச்சி." யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், யாரோ சிரித்தார்கள். தாய் கல்லை வேரில் வைத்துவிட்டு எழுந்து போனது. மருமகன் வந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கினான், தலைக்கு மேலே. நான் பொத்தானை அமுக்கினேன்.

"சே!" என்றது மண்டபம் முழுக்க. "இன்னம் கொஞ்சம் ஈந்திருந்தா உடைஞ்சிருக்கும்," என்றான் பரீத். இவ்வளவு காலமும் உடையாது என்று சொன்னவன்.

இப்போது எனக்கு இடது பக்கம், நானாவின் கதிரைக்கு, மதுரங்குளியிலிருந்து ஒரு புதிய ஆள் வருகிறார். வந்த முதல் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நேற்று, படம் நின்றதும், மெதுவாகத் தலையைத் திருப்பி என்னிடம் கேட்டார்: "அது உடையுமா டீச்சர்?"

நானா, நேற்றும் உடையவில்லை. வியாழக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.